பேசாத போன்

தையற்காரியின் கணவர் பங்குச் சந்தையில் பாதிச் சொத்தைக் கோட்டைவிட்டவர். அந்தக் கவலையிலேயே கண்ணை மூடினார். அவர் போன் மட்டும் சாகவில்லை. சனி, ஞாயிறு போக, காலையில் சந்தை திறந்ததும் 'டிங்' என்று குரல் கொடுக்கும். "வந்துட்டாருடா மகராசன்" என்று அலுத்துக்கொள்வாளே தவிர, சார்ஜ் போட மறந்ததில்லை.

இன்ஷூரன்ஸ் பணம் வந்தது.

"தங்கமா, பேங்க் டெபாசிட்டா, பங்கா? நீங்களே சொல்லுங்க அத்தை" என்றான் மருமகன்.

"பேங்க்லயே போடுங்க மாப்பிள்ளை. வட்டி கம்மின்னாலும் நிம்மதியாத் தூங்கலாம். நாளைக்கு வந்து கையெழுத்துப் போடறேன்."

மறுநாள் புதன்கிழமை. போன் மூச்சுக் காட்டவில்லை. சந்தைக்கு அன்று விடுமுறை. அவளுக்கு அது எங்கே தெரியும்? தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். மருமகனை அழைத்தாள்.

"எல்லாத்தையும் பங்குலயே போட்டுடுங்க மாப்பிள்ளை. உங்க மாமா என்கூடப் பேசமாட்டேங்கிறாரு."