மறுநாளும் தண்ணீர் வந்த தெரு

ஏகாம்பரம் போய்விட்டார் என்று போன் வந்தபோது நான் சேத்துப்பட்டில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பாதிச் சாப்பாட்டில் இலையை மூடினேன். எங்கள் ஆரணிக்காரர்களில் அவருக்காக இலையை மூடிய ஒரே ஆள் நான்தான். யாரும் மறுக்க மாட்டார்கள்.

முப்பது வருடம் ஊருக்குக் குடிநீர் வால்வு திறந்தவர். எந்தத் தெருவுக்கு என்றைக்கு முறை என்று எழுதி வைத்ததில்லை. கேட்டால், "நோட்டு நனைஞ்சிடும்ங்க, தல நனையாது" என்பார். ஊரே அந்தத் தலையை நம்பிக் குடம் வைத்தது.

அந்தத் தலை பிசகியது. திங்கட்கிழமை எங்கள் தெருவுக்கு விட்டவர், செவ்வாயும் எங்களுக்கே விட்டார். "நேத்துதானே வந்துச்சு?" என்றாள் என் மனைவி. எதிர்வீட்டுப் பட்டு வியாபாரி, "வாய மூடிகினு ரொப்பும்மா, சொன்னா நின்னுடும்" என்றார். இரண்டு வருடம் ரொப்பினோம். கார் கழுவினார்கள், தென்னைக்கும் விட்டார்கள். முறை இழந்த பின்தெருக்காரர்களோ, "குடிச்சிட்டு வரான்" என்று மனு எழுதினார்கள். பீடி கூடத் தொடாத மனிதர்! மனு வந்த அன்றே சாவியை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று இரண்டு தெருவும் சேர்ந்து ஆளுயர மாலை போட்டன. மாலை போட மட்டும் தெரிந்த ஜனங்கள்.

அவர் வேலையை விட்ட கையோடு, மனைவி அஞ்சலை என்னிடம்தான் வந்தாள். "நீங்க கூட வந்தா டாக்டரு நின்னு பேசுவாருண்ணா." உண்மைதான். வேலூரில் மூளை வைத்தியம் பார்க்கும் பெரிய டாக்டர் என்னைக் கண்டதும் எழுந்தே நின்றார். படம் வரைந்து என்னிடம்தான் விளக்கினார். இது அல்சைமர் என்ற மறதி நோய்; மூளையின் செல்கள் அழிவதோடு, முடியைவிடச் சன்னமான இரத்தக் குழாய்களும் இதில் சுருங்கிப் பழுதாகும்; இரத்தம் போய்ச் சேராத இடம் வாடும்.

ஏகாம்பரம் முந்திக்கொண்டார். "மெயின்ல தண்ணி இருக்குது, கடைசி வூட்டுக்கு ஏறல. அதானே சார்?"

"பாதி அதான்" என்று டாக்டர் சிரித்தார். "எப்ப ஆரம்பிச்சதுன்னு சரியா சொல்லுங்க. அத வச்சுதான் வைத்தியம்."

"ஆறு மாசமாத்தான் சார்" என்றாள் அஞ்சலை.

ஏகாம்பரம் என்னைக் காட்டினார். "இவர கேளுங்க சார், பொய் சொல்லமாட்டாரு. ஏங்க, முறை தப்பி உங்க தெருவுக்கு எப்பனா விட்டிருக்கனா?"

இரண்டு வருடம் என்று எனக்குத் தெரியும். "இல்லியே, சரியாத்தான் விட்டீங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. டாக்டர் ஆறு மாதம் என்று எழுதிக்கொண்டார்.

ஏகாம்பரத்திடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த மலர்ந்த முகம். அதை மட்டும் என்னால் யாரிடமும் பெருமையாகச் சொல்ல முடியவில்லை.