ஹெப்பாளில் ஆம்புலன்ஸுக்குள் மாட்டிக்கொண்டேன்

ஏற்றுமதியாகும் வண்டிகளைக் கப்பலேற்றுமுன் பார்த்துச் சான்றிதழ் தருவதுதான் அப்போது என் வேலை. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே நிற்கும் மூன்றாவது ஆள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஏப்ரலில், ஆப்பிரிக்க மருத்துவமனை ஒன்று வாங்கிய ஆறு ஆம்புலன்ஸ்களைப் பார்க்க மைசூர் போனேன்.

மெட்ராஸிலிருந்து இரவு ரயிலில் பெங்களூர். அங்கிருந்து நூற்று நாற்பது கிலோமீட்டர், பஸ்ஸில் நாலு மணி நேரம். (மத்தூரில் வடைக்கு நிறுத்துவார்கள், இறங்கிவிடுங்கள்.) மைசூரிலிருந்து ஹெப்பாள் தொழிற்பேட்டைக்கு டவுன் பஸ் உண்டு.

வேன்களை ஆம்புலன்ஸாக மாற்றும் பட்டறை அது. ஃபோர்மேன் செல்வராஜ் கொள்ளேகால் பக்கத்துத் தமிழர், அதனால் பேச்சுக்குக் கஷ்டமில்லை. முதல் வண்டியில் இன்ஜின், பிரேக், சைரன் எல்லாம் சரி. பின்பக்கம் ஏறி, ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். கைப்பிடியைத் திருகினால் திறக்கவில்லை.

நல்ல வெயில். புதுப் பெயின்ட் நெடி. டிரைவர் பக்கம் தகரத் தடுப்பு. கம்ப்ரஸர் சத்தத்தில் நான் தட்டியது யாருக்கும் கேட்கவில்லை. சட்டை நனைந்து மூச்சு முட்டியது. கம்ப்ரஸர் நின்ற பிறகுதான் செல்வராஜ் ஓடிவந்து திறந்தார்.

முதலாளி கன்னடக்காரர். தண்ணீர் கொடுத்து வருத்தம் தெரிவித்தார். ஆனால் வண்டிகள் மறுநாளே துறைமுகம் கிளம்ப வேண்டும், கப்பலை விட்டால் ஆர்டரே போய்விடும், கதவை வாங்கியவர்களே அங்கே சரிசெய்துகொள்வார்கள், கையெழுத்துப் போடுங்கள் என்றார். அடுத்த வண்டியில் அவரையே ஏறிப் பார்க்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே ஏறிச் சாத்திக்கொண்டார். உள்ளே கைப்பிடியை இரண்டு மூன்று முறை திருகும் சத்தம், பிறகு தட்டும் சத்தம். திறந்துவிட்டோம். இறங்கியவர் முகத்தில் சிரிப்பில்லை.

"பேடா சார், இப்ப கையெழுத்து பேடா. ஆறையும் கழட்டலாம்." (பேடா என்றால் வேண்டாம்.)

கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகும் கம்பி நீளம் போதவில்லை. கதவைச் சாத்தியதும் கழன்றுவிடுகிறது. ஆறுக்கும் புதுக் கம்பி போட்டார்கள். மறுநாள் மத்தியானம் ஒவ்வொரு வண்டியிலும் ஏறினேன். முதல் கதவைச் சாத்தும்போது கை தயங்கியது.

"நான் இங்கியே நிக்கறனுங்க சார்," என்றார் செல்வராஜ்.

ஆறும் திறந்தன. கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் வண்டிகள் வரிசையாகக் கிளம்பிப் போனபோதுதான் எனக்குப் பசியே தெரிந்தது.

இந்த வேலைக்குப் போகிறவர்கள் திரும்பும் டிக்கெட்டை ஒருநாள் தள்ளியே எடுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திப் பாருங்கள். அதற்குமுன் வெளியே ஒருவரை நிறுத்தி, அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிட வேண்டியிருக்கும்.