கை காலியாக இல்லாத ஆல்திஸ்

ஆல்திஸ் உட்கார்ந்து பார்த்தவர்கள் எங்கள் ஏரிக்கரையில் யாரும் கிடையாது. கல்யாண விருந்தில் மணப்பெண்ணுக்கான பலகையில் அவளை உட்கார வைத்தார்கள். அடுப்பில் பானை பொங்குகிறது என்று எழுந்து போனவள், விருந்து முடிந்து பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் திரும்பி வந்தாள். அவள் புருஷன் ஸ்குலிக்கு அதைச் சொல்லிச் சிரிப்பதில் அலுப்பே வராது. "நான் கட்டிக்கிட்டது பொண்ண இல்லடா கிரிம், காத்த," என்பான் என்னிடம். அவன் வாய் திறப்பதே அபூர்வம். அந்த ஒரு வேடிக்கையை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டான்.

வேலைப் பைத்தியம் என்று ஊர் சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அது பயம்.

அவள் சிறுமியாக இருந்தபோது அரச வீட்டு ஹாரெக் தன் அண்ணனோடு அரியணைக்கு மல்லுக்கட்டினான். தாயாதிச் சண்டை எந்த வீட்டில் இல்லை? நாங்கள் வேலிக்கும் மேய்ச்சலுக்கும் அடித்துக்கொள்வோம், இரண்டு மண்டை உடையும், அதோடு சரி. அரசர்களுக்குத் தங்கள் மண்டை போதாது, ஊரான் மண்டையும் வேண்டும். அதற்குத்தான் போர் அம்பு. நுனியைத் தீயில் கருக்கிய மர அம்பு அது. வீடு வீடாகப் போகும். கொண்டுவருபவன் உங்கள் வெறுங்கையில் அதை வைத்து, யார் அழைக்கிறார், எங்கே கூட வேண்டும் என்று சொல்வான். வாங்கிவிட்டால் தீர்ந்தது. நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும், வீட்டு ஆண்கள் கேடயத்தை எடுக்க வேண்டும். வாங்கியபின் நிறுத்தினால் உங்கள் வீட்டை எரித்து உங்களைக் காட்டுக்குத் துரத்திவிடுவார்கள்.

கொண்டுவருபவனுக்கும் கட்டு உண்டு. கொடுத்து முடிக்கும்வரை உட்காரக் கூடாது, கவளம் சாப்பிடக் கூடாது. அம்பு மண்ணில் பட்டாலும், ஆள் இருக்கிற வீட்டைத் தாண்டிப் போனாலும் அது செத்தது, அழைப்பு செல்லாது. பாத்திரமோ பிள்ளையோ பிடித்திருக்கிற கையில் அதைத் திணிக்கவும் கூடாது.

அன்று ஆல்திஸின் அப்பா வாசலில் சும்மா நின்றார். கை காலி. அம்பை வாங்கினார். அவரும் அவளுடைய இரண்டு அண்ணன்மாரும் போனார்கள், போனவர்கள் போனவர்கள்தான். ஹாரெக் ஜெயித்து, அண்ணனைக் கொன்று, அரியணையில் ஏறினான். அண்ணன் மகன் வேமுண்டைப் பச்சைக் குழந்தையாக யாரோ போர்வையில் சுற்றிக் காட்டைத் தாண்டி அயல்நாட்டுக்குக் கொண்டு போய்விட்டார்கள். ஆல்திஸுக்கு அந்தக் கதை எதுவும் மனதில் ஒட்டவில்லை. அப்பா கையில் ஒரு வாளி இருந்திருக்கலாமே என்பது மட்டும் ஒட்டிக்கொண்டது.

பிறகு வேமுண்ட் வளர்ந்துவிட்டான் என்று பேச்சு வந்தது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் "வர்றானாம், வர்றானாம்" என்பார்கள். வரமாட்டான். ஆனாலும் யாருக்கும் நிம்மதி இல்லை. நாய் குரைத்தால் எழுந்து பார்ப்போம். விதைக்கும்போதே அறுப்போமா என்று யோசனை. ஆல்திஸின் வீடு காட்டோரத்தில், ஏரியின் அந்தக் கரையில் ஒற்றையாக நின்றது. காட்டிலிருந்து எது வந்தாலும் முதலில் அவள் வாசலுக்குத்தான் வரும். அடுத்த வீடு என்றால் ஏரியைக் கடந்து எங்கள் கரை. அவளுக்கு எப்படித் தூக்கம் வரும்?

அந்த வருஷம் அவன் நிஜமாகவே வந்தான்.

ஆண்கள் எல்லாரும் எங்கள் கரையில் இருந்தோம். சேற்றிலிருந்து எடுத்த இரும்பை உருக்கும் பருவம் அது. ஸ்குலியும் என்னோடுதான் உலையில் கரி கொட்டிக்கொண்டிருந்தான். ஆல்திஸ் தனியாகக் குளிர்காலத்துக்கு ஆடு அறுத்து, சட்டியில் பிடித்த ரத்தத்தைக் கிண்டிக்கொண்டிருந்தாள். ஆலங்கட்டியும் மழையும் கலந்து அடித்தது. காட்டுப் பாதையில் ஒருவன் வந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். முழங்கால்வரை சேறு. நீட்டிய கையில் அம்பு.

"வீட்டுல ஆம்பளைங்க இல்லையாக்கா?"

"இருந்தா ஆட்ட நான் எதுக்கு அறுக்கறேன்?"

"வேமுண்ட் அரசர் கூப்பிடறார். ஏரிக்குத் தெக்கு முனையில கூடணும். கைய நீட்டுங்க."

"கண்ணு தெரியலையா? ரத்தம் கிண்டறேன். விட்டா கட்டிப்போயிரும். நில்லு."

நின்றான். அவள் கிண்டி முடித்தாள். துடுப்பை வலக்கை வைக்குமுன் இடக்கை வாளியைப் பிடித்துவிட்டது. ஆட்டுக் கொட்டிலுக்குப் போனாள். பின்னாலேயே போனான். கொட்டிலில் வாளியை வைக்குமுன் ஒரு குட்டியை அணைத்துக்கொண்டாள். அதை இறக்கும்போது கையில் வைக்கோல். அவன் அம்பை நீட்டியபடியே கொட்டிலுக்கும் விறகுக் குவியலுக்கும் நடந்தான். அவனுக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை.

"இப்பிடியே எவ்வளவு நேரம்க்கா?"

"வேல முடியற வரைக்கும்."

"எப்ப முடியும்?"

"எங்க வீட்டுல அது முடிஞ்சதா சரித்திரமே இல்ல தம்பி. ஆமா, ஒங்க அரசருக்குக் குதிரை கிடையாதா? ஆள இப்பிடி நடக்க விட்டிருக்காரு."

"குதிரையெல்லாம் பின்னாடி வருது."

"பின்னாடின்னா, வர்ற வருஷமா?"

அவன் சிரித்துவிட்டான். ஈரச் சட்டையின் கை கிழிந்து தொங்கியது. மேல்கையில் வெளுத்த ஒரு பட்டை. பொன் காப்பு வெகுகாலம் கிடந்து கழற்றிய இடம். காவல்காரனும் தூதனும் பொன் காப்பு போடுவதில்லை. ஆல்திஸ் விறகை அணைத்தபடி அதையே பார்த்தாள்.

"காப்ப எங்க வித்த?"

"படகுக்காரனுக்குக் குடுத்தேன். ஆளுங்கள ஏத்திட்டு வர."

"ஆளுங்க எங்க?"

"பாதிப் பேரு காட்டுல ஓடிட்டாங்க. மிச்சப் பேரு இன்னிக்குக் காலையில."

"அப்ப அரசனும் நீ, படையும் நீ, தூதனும் நீ."

"சமையக்காரன் வேல காலியா இருக்கு. வர்றீங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்காக அவன் மேலேயே கோபமும் வந்தது. "அந்தக் குச்சியக் கீழ போட்டுட்டு உள்ள வா. கஞ்சி ஊத்தறேன். இங்க ஒருத்தரும் பாக்கல."

"போட்டா செத்துரும்க்கா."

"சாகட்டுமே. நீ பொழைச்சுக்குவ. நாங்களும் பொழைச்சுக்குவோம்."

"எனக்கு நெனவு தெரிஞ்ச நாளா அடுத்தவன் வீட்டுப் பலகை ஓரத்துலதான் சாப்பிட்டிருக்கேன்," என்றான். "கரண்டிய எடுத்தா எவனாவது ஒருத்தன், 'வழி விடுங்கடா, அரசர் சாப்பிடறார்'ம்பான். எல்லாரும் சிரிப்பாங்க. உக்காந்தாலே எனக்கு ஒடம்பெல்லாம் எரியுது."

உட்கார முடியாதவன் பாடு அவளுக்குத் தெரியும். அவன்மேல் இரக்கம் வந்ததை என்னிடம் பிறகு மறைக்காமல் சொன்னாள். ஆனால் ஸ்குலி அக்கரையில் இருந்தான். அம்பு அவள் கைக்கு வந்தால் அவனைத்தான் போய்ச் சேரும். அதனால் இரண்டு வாளிகளையும் எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு நடந்தாள்.

அவன் பின்னாலேயே வந்தான். தொட்டிக்கருகில் கால் மடங்கி, முகம் தண்ணீருக்குள் போகக் குப்புற விழுந்தான். அம்பு பிடித்த கை மட்டும் தொட்டி விளிம்புக்கு மேலே நின்றது. அந்த நிலையிலும் அதை மண்ணில் விடவில்லை.

எழுந்துவிடுவான் என்று ஒரு மூச்சு நேரம் பார்த்தாள். எழவில்லை. வாளிகளைப் போட்டுவிட்டு, கைக்கு எட்டியதைப் பிடித்து இழுத்தாள். எட்டியது அந்தக் கைதான். அவனை வெளியே இழுத்துக் கிடத்தியபோது அவள் விரல்கள் அம்பின்மேல் இருந்தன. அவன் இருமிக் கண்ணைத் திறந்து அதைப் பார்த்தான். தன் விரல்களை எடுத்துக்கொண்டான்.

"வாங்கிட்டீங்கக்கா," என்றான்.

வேண்டுமென்றே விழுந்திருப்பான் என்று நான் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். இல்லை, உதடு நீலம் பாரித்திருந்தது என்பாள். நடிக்கத் தெரிந்திருந்தால் அவனிடமிருந்து ஆட்கள் ஓடியிருக்க மாட்டார்கள் என்றும் சொல்வாள்.

அவனை உள்ளே கொண்டுபோய்க் கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் படகை அவிழ்த்தாள். நடு ஏரியில் துடுப்பை நிறுத்தினாளாம். அம்பைத் தண்ணீரில் எறிந்துவிட்டால் தொல்லை விட்டது. ஆனால் வாங்கியது அவனுக்குத் தெரியும், வீடு சாம்பலாகும். யோசித்து யோசித்து ஒரு வழி பிடித்தாள். யார் அழைக்கிறார், எங்கே என்று சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்குமேல் உள்ளதையும் சொல்லக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. அரசனே பிச்சைக்காரன் மாதிரி அலைகிறான் என்று தெரிந்தால் யார் கிளம்புவார்கள்? கூட்டம் மொத்தமும் சேர்ந்து சிரித்துவிட்டால் எந்த அம்பும் வெறும் விறகுதான். எனக்கும் அது நல்ல யோசனையாகவே படுகிறது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது அப்போது அவள் நினைவில் இல்லை.

எங்கள் கரையில் படகு தட்டியதும் உலையைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திரும்பினோம். அவள் கையில் அம்பு.

"வேமுண்ட் கூப்பிடறான். தெக்கு முனையில கூடணும்," என்றாள். "சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன். இப்ப மிச்சத்தையும் கேளுங்க. அவன்கிட்ட படை கிடையாது. குதிரை கிடையாது. இந்த அம்பக்கூட அவனேதான் தூக்கிட்டு வந்தான். தூக்கிட்டு வந்து எங்க தண்ணித் தொட்டியில விழுந்தான். இப்ப என் வீட்டுல, ஸ்குலி கிண்ணத்துல கஞ்சி குடிச்சிட்டிருக்கான்."

யாரோ களுக்கென்றார்கள். நான் வாய்விட்டே சிரித்தேன். "தொட்டியிலயா? நீந்தினாரா அரசர்?" என்றேன். சிரிப்பு பரவியது. ஆல்திஸின் முகத்தில் ரத்தம் திரும்பியதை என் கண்ணால் பார்த்தேன்.

ஸ்குலி சிரிக்கவில்லை. கரிக் கூடையைக் கீழே வைத்தான்.

"தானே வந்தானா?"

"தானேதான். வேற நாதி இல்லாம."

"நம்ம வீட்டுக்கு? நடந்தா?"

"அதான் சொல்றேனே. முழங்கால் மட்டும் சேறு."

ஸ்குலி எங்கள் பக்கம் திரும்பினான். அத்தனை பேர் முன்னால் அவன் பேசி நான் கேட்டதே இல்லை. "வருஷா வருஷம் இந்த இரும்புல மூணுல ஒரு பங்கு ஹாரெக்குக்குப் போவுது. அவன் மூஞ்சிய நம்மள்ல எவனாச்சும் பாத்திருக்கோமா?"

சிரிப்பு நின்றது. எனக்கும் நின்றது.

"புத்தி கெட்டுப்போச்சா ஒங்களுக்கு?" என்றாள் ஆல்திஸ். "அவன் பசிச்சுக் கெடக்கறவன். அவ்வளவுதான். அதுக்கு மேல அவன்கிட்ட ஒண்ணுமே இல்ல."

"பசிச்சவன் ஒருத்தன் ஹாரெக் எடத்துல உக்காரட்டுமே."

அவன் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் அம்பை மார்போடு அழுத்திக்கொண்டாள். ஸ்குலி அவள் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், பிரித்து எடுத்தான். அவள் அழுத மாதிரி ஒரு அழுகையை நான் அதற்குமுன் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டே போய் என் கேடயத்தை எடுத்தேன். இன்றுவரை அந்தப் பாவிப்பயல் ஸ்குலிமேல் எனக்குக் கோபம் உண்டு. அவன் சொன்னது பொய் என்றால் கோபம் ஆறியிருக்கும்.

அம்பு எங்கள் கரை முழுக்க ஓடியது. அதற்கு முன்னால் அவள் சொன்ன கதை ஓடியது. நடந்து வந்த அரசன், சேற்றோடு வந்த அரசன், நம்மிடம் கஞ்சி வாங்கிக் குடித்த அரசன். சேதி போன வீட்டிலெல்லாம் ஆட்கள் கிளம்பினார்கள். தெற்கு முனையில் கூடியவர்களைப் பார்த்து வேமுண்டே திகைத்து நின்றான். ஹாரெக்கின் ஆட்களோடு ஒரு பகல் முழுக்கச் சண்டை. அந்தி சாயும்போது ஹாரெக் செத்திருந்தான், வேமுண்ட் அரசன். ஸ்குலி அதைப் பார்க்கவில்லை. முதல் மோதலிலேயே ஈட்டி இடுப்புக்குக் கீழே பாய்ந்து, என் மடியில் கிடந்து செத்தான். அவன் கேடயத்தை நான்தான் படகில் கொண்டுபோய் ஆல்திஸிடம் கொடுத்தேன். என்ன பேசினோம் என்பது இங்கே வேண்டாம்.

அடுத்த கோடையில் வேமுண்ட் அரசனின் ஆள் ஒருவன் அவளைத் தேடி வந்தான். நல்ல குதிரை, நீலச் சால்வை. நான் அவளுக்குக் கூரை வேய்ந்துகொண்டிருந்தேன். அவள் வாசலில் மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அரசர் ஒங்கள மறக்கலம்மா," என்றான் வந்தவன். "நிலம் வேணுமா, வெள்ளி வேணுமா, என்ன வேணுமோ கேட்டுட்டு வரச் சொன்னாரு."

"அவன் ஏன் வரல?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். பிள்ளைக்குச் சொல்வதுபோல் சிரித்துக்கொண்டே சொன்னான். "இவ்வளவு தூரம், இந்தச் சேத்துல? அரசர் எப்பிடிம்மா வருவாரு?"

"வருவான்னு நம்பித்தான்ப்பா என் புருஷன் போனான்," என்றாள் ஆல்திஸ்.