பொத்தான் கடையின் முதல் போணி

2009 பிப்ரவரி 10 — 460 யுவான்
2012 பிப்ரவரி 7 — 3,880
2015 மார்ச் 6 — 8,880
2019 பிப்ரவரி 20 — 6,680
2022 பிப்ரவரி 16 — 1,880
2023 பிப்ரவரி 6 — 0

சீனப் புத்தாண்டான வசந்தத் திருநாள் முடிந்து யீவூ நகரின் மொத்தச் சந்தை திறக்கும் நாளில், லோ சாய்ஃபென் அம்மாளின் பொத்தான் கடையில் கராமா செய்த முதல் கொள்முதல்கள் இவை. இடையில் விட்டுப்போன ஆண்டுகளிலும் அவர் போகத் தவறியதில்லை.

கராமா பிறந்தது ஏமன் நாட்டின் முக்கல்லாவில். 2006-இல் யீவூவுக்கு வந்தார். சொந்த ஊரிலுள்ள கடைக்காரர்களுக்குச் சரக்கு பிடித்து, சோதித்து, கப்பலேற்றி விடுவது தொழில். மனைவி 2014-இல் முக்கல்லாவில் இறந்தபோது இங்கே ஒரு கண்டெய்னர் பாதி ஏற்றிய நிலையில் நின்றது. அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. பிள்ளைகள் இல்லை.

2009-இல் அந்தக் கடைக்குள் அவர் நுழைந்தது தற்செயல். திருநாள் விடுமுறையில் பேச ஆளில்லாமல் கிடந்தவர், சந்தை திறந்ததும் மனித முகம் பார்க்கப் போனார். ஒரு பித்தளைப் பொத்தானை எடுத்து விலை கேட்டுவிட்டுத் திரும்பினார். அம்மாள் வாசலை மறித்துக்கொண்டார்.

“சும்மாதான் கேட்டேன், முதலாளியம்மா.”

“சும்மா கேக்கறதுக்கு நாளைக்கு வாங்க. இன்னைக்கு மொத ஆளு நீங்க. வெறுங்கையோட போனீங்கன்னா வருஷம் பூரா நான் ஈ ஓட்டிக்கிட்டு உக்கார வேண்டியதுதான்.”

அடக்க விலைக்கும் கீழே போட்டுக் கொடுத்தார். அந்த ஆண்டு வியாபாரம் ஓகோவென்று நடந்தது. அதிலிருந்து சந்தை திறக்கும் நாளுக்கு முந்தின மாலை அம்மாளிடமிருந்து போன் வந்துவிடும்: கா அண்ணன் வருகிறாரா இல்லையா? கராமாவும் எண்பதில் முடிகிற தொகையாகப் பார்த்து வாங்குவார். அந்த ஊரில் எட்டு என்றால் எல்லோருக்கும் முகம் மலரும்.

புதிதாக வரும் அரபு இளைஞர்கள் அவரிடம்தான் விவரம் கேட்பார்கள். மாதிரியைக் கையில் வாங்கிப் பார்க்காமலே “எல்லாம் பண்ணிடலாம்” என்கிற முதலாளியிடம் முன்பணம் கொடுக்காதே என்பார். “கொஞ்சம் கஷ்டம்” என்றால் முடியாது என்று பொருள், வேறு பட்டறை தேடு என்பார். கால் காசுக்கு அரை நாள் மல்லுக்கட்டும் அதே ஆள், உன் வாய்ச்சொல்லை நம்பி லட்சக்கணக்கான சரக்கைக் கிடங்குக்கு அனுப்பி வைப்பான், அந்தச் சொல்லைக் கெடுத்துக்கொள்ளாதே என்பார். ஒன்றை மட்டும் சொன்னதில்லை. பதினேழு ஆண்டுகளில் அவரை விருந்துக்குக் கூப்பிடாத முதலாளி இல்லை. தன் வீட்டுக்குக் கூப்பிட்டவரும் இல்லை.

திருநாள் வந்தால் ஊரே காலியாகும். அவர் சாப்பிடும் நூடுல்ஸ் கடைக்காரரும் சொந்த மாகாணமான சிங்ஹாய்க்குப் போய்விடுவார். கராமா அரிசியும் பருப்பும் வாங்கி வைத்துக்கொண்டு, மூடிய கதவுகளுக்கு நடுவே நடந்துவிட்டு வருவார். அந்த நாட்களை அவர் தள்ளியது, முடிவில் ஒரு கடையில் தனக்காகக் காத்திருப்பார்கள் என்பதால்தான்.

2023 தொடக்கத்தில் அவரிடம் ஆர்டர் ஒன்றுகூட இல்லை. கொரோனா நோய்க்காலத்தில் முக்கல்லாக் கடைக்காரர்கள் போனிலேயே பட்டறைகளோடு பேசப் பழகிவிட்டார்கள். அங்கே கடை வைத்திருந்த சொந்தத் தம்பியும் அப்படித்தான். மே மாதம் தங்கும் அனுமதி முடிகிறது. மறுபடி விண்ணப்பிப்பதா, மூட்டை கட்டுவதா? முடிவைச் சந்தை திறக்கும் நாளுக்கு விட்டுவைத்தார். தன் பணத்தில் 880 யுவானுக்கு வாங்குவது, முதல் போணி தன்னுடையதாக இருந்தால் இங்கேயே தங்கிவிடுவது என்று எண்ணம். முந்தின மாலை போன் வரவில்லை. வேலை மும்முரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

காலையில் போனபோது அம்மாளின் மருமகள் மெங்ச்சி கடை நடுவே நேரலை விற்பனைக்குப் போனை நிறுத்தி வைத்து, “செல்லங்களா, இந்தக் கலரப் பாருங்க, அஞ்சே அஞ்சு பாக்கெட்தான்” என்று அதனிடம் பேசிக்கொண்டிருந்தாள். லோ அம்மாள் ஓரமாக அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்.

“வாங்கண்ணே, வாங்க. டீ போடறேன்.”

“போணி ஆயிடுச்சா?”

அம்மாள் ஒட்டுநாடாவைப் பல்லால் கடித்து அறுத்தார். “விடிகாலையிலேயே வீட்லேருந்து இவ ஆரம்பிச்சுட்டா. செங்டூல யாரோ ஒரு பொண்ணு, நாலு டஜன் வாங்குச்சு. மூஞ்சிகூடத் தெரியல.” பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்களுக்கு எப்பவும் போல அடக்கத்துக்குக் கீழதான் போடுவேன்” என்றார்.

“எதுக்கு? போணிதான் ஆயிடுச்சே.”

“பழக்க தோஷம்” என்று சிரித்தார்.

கராமா டீயைக் குடித்தார். ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார். வருகிறேன் என்று எழுந்தார். வாசல் திறந்தே இருந்தது. அம்மாள் அடுத்த பெட்டியை எடுத்துக்கொண்டார். வெறுங்கையோடு அவர் அந்தக் கடையைவிட்டு வந்தது அதுதான் முதல் தடவை.

அவர் விண்ணப்பிக்கவில்லை. மே 19 அன்று யாரிடமும் சொல்லாமல் கிளம்பினார். சீன எண் காலாவதியானதும் போன் தொடர்பும் அறுந்தது.

முக்கல்லாவில் தம்பி வீட்டு மாடியில் ஓர் அறை. அங்கே எல்லோரும் அவரைச் சீனாக்காரர் என்று கூப்பிட்டார்கள். அக்டோபர் 3 அன்று அம்மாளின் கடிதம் வந்தது. பழைய சரக்குப் பெட்டிகளின் மேல் எழுதியிருந்த தம்பி கடை முகவரியை எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதியிருந்தார். கராமாவுக்குச் சீனம் பேசத்தான் வரும், படிக்க வராது; சீனாவில் படித்துத் திரும்பிய ஒருவன் வாசித்துக் காட்டினான். முழுக்கத் திட்டு. சொல்லாமல் போகிற அளவுக்கு நான் என்ன செய்தேன் என்று முடித்திருந்தார். கராமா அவனையே எழுதச் சொல்லி ஒரு வரி பதில் அனுப்பினார்: “அன்னைக்கு நான் வாங்காம கெளம்பினேன், நீங்க வாசலை மறிக்கல.”

அதற்குப் பதிலை அம்மாள் 2024 ஜனவரி 15 அன்று எழுதினார். உடன் கடையின் சிவப்பு முத்திரையிட்ட அழைப்புத் தாள் ஒன்று, விசாவுக்காக.

“பிப்ரவரி 18 சந்தை தொறக்குது. மெங்ச்சிகிட்டச் சொல்லிட்டேன், அண்ணன் வர்ற வரைக்கும் போனத் தொடக்கூடாதுன்னு. அவ சிரிக்கிறா, சிரிக்கட்டும். இருட்டுற வரைக்கும் யாருக்கும் ஒரு பொத்தான்கூட விக்க மாட்டேன். வந்துடுங்க.”

அதன்பின் அம்மாளிடமிருந்து வேறு கடிதம் இல்லை. இந்தக் கடிதம் முக்கல்லா வந்து சேர்ந்தது 2024 ஏப்ரல் 28.