ரத்தும் சரியும்

கொழும்பிலிருந்து மாதம் ஒருமுறை பதுளைக்கு வந்துபோகும் இருதய டாக்டரை என் மனைவிக்காகச் சேனல் பண்ணியிருந்தேன். டாக்டரிடம் முன்கூட்டியே இடம்பிடிப்பதற்கு எங்கள் ஊரில் அதுதான் வினைச்சொல். தமிழாசிரியனான நானே அதைத் திருத்த முயன்றதில்லை. போன மாதம் இடம் கிடைக்கவில்லை. இந்த மாதமும் தவறினால் அடுத்ததுக்குக் காத்திருக்க வேண்டும். அவளோ வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறும் மேட்டில் பாதியிலேயே நின்று வேலியைப் பிடித்துக்கொள்கிறாள். கேட்டால், பூ பார்க்கிறேன் என்கிறாள். அந்த வேலியில் பூ எதுவும் கிடையாது.

பசறையில் இருவரும் பஸ் ஏறி உட்கார்ந்ததும், நம்பர் எத்தனை என்று பார்க்கப் போனை எடுத்தேன். சேனல் பண்ணிய ஆப்பில் பட்டியல் ஒன்று உண்டு, அதில் அவள் பெயர் ஒரு வரி. தொட்டால் விவரம் விரியும் என்று தொட்டேன். விரிந்தது ஒரு பெட்டி. 'இந்தப் பதிவை ரத்துச் செய்யவா?' கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் 'ரத்து', மற்றதில் 'சரி'.

'ரத்து' என்றால் பதிவு ரத்தா, ரத்துச் செய்வது ரத்தா? 'சரி' என்றால் 'சரி, நீக்கு' என்றா, 'இருப்பது சரி, விடு' என்றா? பிள்ளைகளுக்கு வேற்றுமை மயக்கம் நடத்துகிறவன் இரண்டு சொற்களுக்கு முன்னால் மயங்கி உட்கார்ந்திருந்தேன். பின்னால் போகும் பொத்தானை அழுத்தலாம்தான். ஆனால் பாதி அடித்த வினாத்தாளை அது ஒருமுறை விழுங்கியதிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

"ஏங்க, மொகம் ஒரு மாதிரி போகுது?" என்றாள். காட்டினேன்.

அவள் நமுனுகுலப் பக்கம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். கொழுந்து குறைந்த நாளில் அவளுடைய அம்மாவுக்கு அரைப் பேர்தான் விழும், அதாவது அரை நாள் சம்பளம். வேலையிலிருந்து நிறுத்தினால் 'பேர் வெட்டிட்டாங்க' என்பார்கள். அப்படி வெட்டப்பட்ட வீடுகளில் அன்றைக்கு யாரும் உரக்கப் பேசமாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறாள்.

பெட்டியைப் படித்துவிட்டு, "எம் பேர வெட்டிட்டாங்களா?" என்றாள்.

"இன்னும் வெட்டல. வெட்டவான்னு கேக்குறாங்க."

"கேட்டுட்டு யாராச்சும் வெட்டுவாங்களா? எங்க தோட்டத்துல கேக்காமத்தான் வெட்டுனாங்க."

பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றவர் குனிந்து பார்த்தார். அறிவுரைக்குக் கட்டணமில்லாத பஸ் அது. "சரிய அமத்துங்க சேர். சரின்னா எல்லாம் சரிதானே" என்றார்.

"வெட்டுறதுக்குத்தாங்க அந்தச் சரி," என்றாள் இவள், அவரைப் பார்க்காமலே.

பதுளைக்குப் போய் யாரிடமாவது கேட்கும்வரை எதையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். என் வாழ்க்கையின் பெரிய முடிவுகள் எல்லாம் இந்த வகைதான். ஆனால் திரை மங்கத் தொடங்கியது. அணைந்தால் பெட்டி தன்பாட்டுக்கு ஒரு பதிலை எடுத்துக்கொள்ளுமோ என்று பயம். விழித்திருக்கட்டும் என்று, பொத்தான் இல்லாத ஓர் ஓரத்தில் மெதுவாகத் தொட்டேன்.

பெட்டி மறைந்தது.

எந்தப் பதில் போயிற்று என்று தெரியவில்லை. திரும்பப் பட்டியலைத் திறந்தேன். பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது, சிக்னல் இல்லை. வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டேயிருந்தது. அவள் உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். அந்த நெஞ்சைக் காட்டத்தான் போய்க்கொண்டிருந்தோம். வழியிலேயே அதற்கு நான் வைத்தியம் பார்த்துவிட்டேன்.

கிளினிக்கில், முன்மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் நடந்ததை ஆதியிலிருந்து விளக்கினேன். பெயரை மட்டும் கேட்டாள். "இருக்கு சேர், உக்காருங்க."

"வடிவா பாத்தீங்களா?"

நான் நம்புவதற்காகத் திரையை என் பக்கம் திருப்பினாள். பெயர் இருந்தது. அதன் மேல் அவள் விரலை வைத்தாள். ஒரு பெட்டி திறந்தது.

"அமத்தாதீங்க" என்றேன். காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வந்தாச்சுன்னு போடணும் சேர். போடாட்டி டாக்டர் கூப்பிட மாட்டாரு" என்றாள், நோயாளி நான்தான் என்று நினைத்தவளைப்போல. அழுத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார்கள். என் மனைவி கைப்பையை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. அதுவரை நான் பயந்ததெல்லாம் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்க நேர்ந்துவிடுமோ என்றுதான். உள்ளே டாக்டர் என்ன சொல்லுவார் என்பதற்கு இன்னும் பயப்படவே தொடங்கியிருக்கவில்லை. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தொடங்கினேன்.