நடுச்சுவர் இல்லாத கூடம்

1. அக்காவின் புகுந்த வீட்டார் உத்திரமேரூர் பக்கம், தங்கள் ஊரிலேயே, ஒரு பழைய மெத்தை வீட்டை வாங்கினார்கள்.
2. அதைப் புதுப்பித்து, தங்கள் கையாலேயே அலங்கரித்தார்கள்.
3. கிரகப்பிரவேசத்தன்று, பந்திக்கு முன்னால், எனக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார்கள்.
4. படுக்கையறைக் கதவைச் சாத்த முடியவில்லை.
5. நான் அண்ணாந்து பார்த்தேன்.
6. மொட்டை மாடியில் முதல் பந்திக்கு ஆட்கள் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள்.
7. நான் வாயைத் திறந்தேன்.

வரிசையாக எழுதினால் ஒன்றுமே இல்லாதது போல இருக்கிறது.

சுற்றிக் காட்டியவர் அத்தை, அக்காவின் மாமியார். இளம் வயதில் அந்த வீட்டின் பழைய சொந்தக்காரர்களின் நிலத்தில் நாற்று நட்டவர். நெல் புடைக்கப் பின்வாசல் வழியாகத்தான் வருவார், முன்தெருவில் அவர் ஆட்களுக்கு இடமில்லை. முன்கட்டையும் பின்கட்டையும் பிரித்தபடி நடுவில் ஒரு சுவர் இருந்தது. அதைத் தாண்டி அவரை யாரும் விட்டதில்லை. வீட்டுக்காரர்கள் சென்னையோடு போய்விட, பூட்டிக் கிடந்த வீட்டை அக்காவின் கணவர் வாங்கியபோது, அத்தை மகனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். முதலில் அந்தச் சுவர் போக வேண்டும். முதல் கடப்பாரையை அவரே போட்டார் என்று அக்கா போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

இப்போது அது ஒரே கூடம். ரோஸ் நிறம், அத்தை தேர்ந்தெடுத்தது. கூரையின் பழைய மரக்கட்டைகள் தெரியாமல் ஃபால்ஸ் சீலிங் போட்டு, ஓரத்திலும் குறுக்கேயும் நீல விளக்குப் பட்டை ஓட்டியிருந்தார்கள். ஒரு சுவர் முழுக்க அருவிப் படம். அதன் எதிரே, உடைந்த கண்ணாடி வளையல்களை ஒட்டி அக்கா சட்டம் போட்ட முகம் பார்க்கும் கண்ணாடி.

"அருவி எப்டி கீது? கரெண்டு போனாலும் ஜில்லுனு இருக்கும்," என்றார் அத்தை. பின்னால் வந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு படுக்கையறைக் கதவைக் காட்டினார். மகன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மெருகேற்றிய பழைய தேக்குக் கதவு. சாத்திக் காட்டப் போனார், அது பாதியில் நிலையில் பிடித்துக்கொண்டது. ஆசாரி இரண்டு முறை இழைத்துவிட்டார், ஆனாலும் பிடிக்கிறது, மழை ஈரம்தான் காரணம் என்றார் அத்தை. மழை பெய்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அதே நேரம் அக்கா சோபாவின் கைப்பிடியைத் துண்டால் துடைத்தாள். துண்டு செங்கல் நிறமானது. தினம் காலையில் வந்து துடைத்தாலும் இந்தத் தூசி ஒரு பேஜார் என்று யாரிடமோ சொன்னாள்.

நான் அண்ணாந்து பார்த்தேன். குறுக்கே ஓடிய நீல விளக்குப் பட்டை நேராக இல்லை. நடுவில் தொய்ந்திருந்தது.

நான் சிவில் படித்தவள், கட்டட வேலைத் தளத்தில் நிற்பவள். மெத்தை வீட்டின் கூரை தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. கனமானது. அந்தக் கட்டைகளின் முனைகள் இத்தனை காலம் நடுச்சுவரில் உட்கார்ந்திருந்தன. சுவரை எடுத்த மேஸ்திரி பதிலுக்கு ஓர் இரும்பு உத்திரம் கொடுத்திருக்கிறார். அதன் இரு முனைகளும், கீழே தாங்கத் தூண் இல்லாமல், பழைய செங்கல்லில் நேராக அழுத்திக்கொண்டிருக்கின்றன. செங்கல் நொறுங்குகிறது, தூசி விழுகிறது, அந்த முனையை ஒட்டிய படுக்கையறைக் கதவு நிலை நசுங்குகிறது. எல்லாம் என் ஊகம்தான். ஃபால்ஸ் சீலிங்கைப் பிரிக்காமல் எதுவும் நிச்சயமில்லை. தப்பாக இருந்தால், நல்ல நாளில் வீடு விழும் என்று சொன்னவள் ஆவேன். அக்கா அந்த வீட்டில்தான் வாழ வேண்டும். சரியாக இருந்தால்?

தலைக்கு மேலே, மொட்டை மாடியில், யாரோ பந்திக்கு மேசையை இழுத்துப் போட்டார்கள்.

சமையலறையில் அக்காவிடம் சொன்னேன். அவள் முகம் மாறியது, ஆனால் இன்றைக்கு மட்டும் பேசாதே என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் கணவர் சாலவாக்கத்து உறவினரை அழைத்து வர வண்டியில் போயிருந்தார். காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. அத்தையிடமே போனேன். பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கப் போவது போல நின்று, மாடியில் இருப்பவர்களை இறக்க வேண்டும் என்றேன். ஏன் என்றும் சொன்னேன்.

அத்தை அருவிப் படத்தின் பக்கம் திரும்பினார்.

"அந்தச் செவுரு இருந்திருக்கணும்னு சொல்றியா?"

"செவுரு இல்லன்னா தூணாவது இருந்திருக்கணும் அத்தை. இப்ப ரெண்டும் இல்ல."

"இதச் சொல்லத்தான் படிச்சியா?"

அவர் என்னைத் தாண்டி வெளியே போய், பக்கவாட்டுப் படியில் ஏறினார். மகனுக்குப் போன் செய்வார், கீழே நின்று குரல் கொடுப்பார் என்றுதான் நினைத்தேன். மேலே இன்னும் ஓர் ஆளின் எடை கூடியது. அக்கா கூடத்தில் விளையாடிய குழந்தைகளைத் தெருவுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். நான் வாசலில் நின்று கேட்டேன்.

பந்தி தெருவில், எல்லாரும் இறங்குங்கள் என்றார் அத்தை. இலையில் சாம்பார் ஊற்றியாகிவிட்டதே, இலையோடு வரட்டுமா என்று ஒருவர் கேட்க, தூக்கிக்கொண்டு வா, யார் வேண்டாம் என்றது என்று அவர் சொல்ல, சிரிப்பு எழுந்தது. தெருவில் எதற்கு என்று ஒரு குரல் எதிர்த்தது.

"இந்தத் தெருவுல உக்காந்து நீ எப்பனா துன்னுகிறியா? எறங்கு."

கொஞ்சம் கொஞ்சமாக இறங்கச் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல மறந்திருந்தேன். அவர்கள் மொத்தமாகச் சிரித்தபடி படியை நோக்கி வந்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் நீல விளக்கு நடுங்கியது. செந்தூசி ஒரு சரமாக இறங்கி டிவியின் மேல் விழுந்தது. நான் வாசல் கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன், என்னமோ அது என் பிடியில்தான் நிற்பது போல. கடைசியாக அத்தை இறங்கினார். அதற்குப் பிறகுதான் கையை எடுத்தேன்.

மாடியில் போட்டிருந்த பந்தலைப் பிரித்துத் தெருவில் போடவில்லை. வெயிலிலேயே பாய் விரித்து உட்கார்ந்தார்கள். எதிர் வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள், மூடினார்கள். அத்தை வரிசை முழுக்கப் பாயசம் ஊற்றினார். என் இலைக்கும் ஊற்றினார், முகம் பார்க்காமல். என்னால் சாப்பிட முடியவில்லை.

இப்போதைய நிலை இது. ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்தார்கள். உத்திரத்தின் ஒரு முனைக்குக் கீழே செங்கல் நொறுங்கியிருந்தது. கூடத்தில் இரும்பு முட்டுகள் நிற்கின்றன. வீட்டார் கூடத்துக்கு அப்பால், பின்கட்டில் மிஞ்சிய அறைகளில் படுக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டியை மாடியிலிருந்து இறக்கியாகிவிட்டது. தூண்கள் போட அஸ்திவாரம் தோண்ட வேண்டும், அந்த வேலை இன்னும் தொடங்கவில்லை. மேஸ்திரி சுவரையே திரும்பக் கட்டிவிடலாம் என்கிறார், அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் என்னிடம் இன்னும் பேசவில்லை. கூரை நிற்கிறது.