கேப்டனின் முள்ளங்கிப் பாத்தி

கேப்டன் ஒனுஃப்ரி புர்பாவின் தோட்டத்தில் முள்ளங்கி, வெங்காயம், வெள்ளரி. அவ்வளவுதான். ஒரு கோடையைத் தாண்டி நிற்கிற செடி எதுவும் கிடையாது. இஸ்தான்புல்லுக்குக் கிழக்கே காட்டுக்குள் இருந்த பன்னிரண்டு போலந்து அகதி வீடுகளில் மற்ற எல்லோரும் ஆப்பிளும் செர்ரியும் வைத்துவிட்டார்கள். இந்த மனிதர் மட்டும் ஏன் இப்படி என்று பக்கத்து வீட்டு விதவை பெட்ரோனெலாவுக்கு மண்டை குடைந்தது.

இலையுதிர் காலம் வந்தால் தன் பிளம் மரத்தடியில் முளைத்த கன்று ஒன்றோடு வேலியோரம் நிற்பாள்.

“இந்தாங்க கேப்டன். முள்ளங்கியைத் தின்னுட்டா ஜார் மேல படையெடுக்கப் போறீங்க?”

“நான் வசந்தத்துல கிளம்பிருவேன். அப்புறம் யார் தண்ணி ஊத்துறது?”

இருபத்துநாலு வயதில் வார்சாவில், போலந்தை ஆண்ட ரஷ்யச் சக்கரவர்த்தி ஜாரின் படையோடு மோதித் தோற்று, எல்லை தாண்டி, பிரான்சில் பதினைந்து வருஷம் தள்ளிவிட்டு இங்கே வந்தவர். ரஷ்யாவுக்கு எதிராகக் கிரிமியப் போர் மூண்டபோது நிஜமாகவே கிளம்பினார், பாத்தியை அவளிடம் ஒப்படைத்துவிட்டு. இரண்டு வருஷத்தில் திரும்பினார். சமாதானம் பேசியவர்கள் போலந்தை மறந்தே போயிருந்தார்கள். வந்த மறுநாளே முள்ளங்கி விதைத்தார். அன்றுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது. மரம் வைத்தால், இனி ஊர் திரும்பப் போவதில்லை என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி. விளங்கிய பிறகும் வருஷா வருஷம் கன்றை நீட்டினாள். அவர் இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள், அதில் என்ன வெட்கம்?

அவர் வந்த பதினெட்டாவது இலையுதிர் காலத்தில், போலந்தில் அடுத்த எழுச்சியும் தோற்றுப்போய், வின்சென்டி என்ற அகதி வந்து சேர்ந்தான். கேப்டனின் ஊர்ப்பக்கத்துக்காரன்.

“எங்க வீடு இருக்கா?” கேப்டன் கேட்டது அது ஒன்றைத்தான்.

“இருக்குங்க. சர்க்கார் பறிச்சு ஒரு ரஷ்யக் கர்னலுக்குக் கொடுத்திருச்சு.”

மறுநாள் காலை கேப்டன் மண்வெட்டியோடு பெட்ரோனெலாவின் வாசலில் நின்றார்.

“அந்தக் கன்னைக் குடுங்க.”

வசந்தம் பிறந்தால் பன்னிரண்டு வீட்டாரும் அந்தப் பாத்தியை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்வார்கள். அவர் முள்ளங்கி விதைக்கிறவரை எல்லோருக்கும் ஊர் போகிற நம்பிக்கை இருந்தது. அவளுக்கும்தான்.

“இந்த வருஷம் வேண்டாம் கேப்டன். முள்ளங்கியே போடுங்களேன்.”

“குழி வெட்டியாச்சு.”

பாத்தியின் நடுவிலேயே வெட்டியிருந்தார். அவள் கன்றைப் பிடித்துக்கொள்ள, அவர் மண் தள்ளி மிதித்தார்.

“காய்க்க எத்தனை வருஷம் ஆகும்?”

“அஞ்சாறு வருஷம்.”

“சரி, இருக்கேன்” என்றார் கேப்டன்.

பதினெட்டு வருஷமாக அவள் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. கன்றை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதாள்.